வெறும் குச்சியில் வைரஸ் இல்லை

சிவப்பு நிறம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒத்துவராது. நீங்கள் உட்கார வைத்திருக்கும் இந்த நாற்காலிகூடச் சிவப்புதான், மேடம். பரவாயில்லை, விசாரணை என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் பாப்பிலோமா என்கிற வைரஸ். முன்பு எங்கள் ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டிக்கொண்டு செல்களைப் பார்ப்போம். இப்போது பெண்கள் வீட்டிலேயே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து அனுப்பினால் போதும், இயந்திரம் வைரஸின் மரபணுவைத் தேடிவிடும். கூடவே மனித மரபணு இருக்கிறதா என்றும் பார்க்கும். அது இல்லையென்றால் குச்சி எதையும் தொடவே இல்லை என்று அர்த்தம். திரையில் சிவப்பாக வரும்: மாதிரி போதாது, மறுபடி எடுக்கவும்.

அந்தச் சிவப்பு வந்துகொண்டே இருந்தது. பாவம், கூச்சப்பட்ட பெண்கள். பட்டும் படாமலும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். "இவ்ளோ பெரிய மெஷின் வாங்கிக் குடுத்தும் பாதிக்குப் பாதி ஃபெயில்னா நான் மேலே என்னய்யா பதில் சொல்றது?" என்று இயக்குநர் கடித்துக் குதறினார். நான் மென்பொருளில் ஒரே ஒரு கட்டளையை மாற்றினேன். மனித மரபணுவைத் தேட வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து திரை முழுக்கப் பச்சை. கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி.

உதவியாளப் பெண் மட்டும் முணுமுணுத்தாள். "சார், இது வெறும் குச்சி சார். உறையே பிரிக்கலை."

"அதான் வைரஸ் இல்லைன்னு வருது" என்றேன். அதில் பொய் என்ன இருக்கிறது, சொல்லுங்கள். பிறகு அவளைக் கிடங்குக்கு மாற்றினேன். கோபமெல்லாம் இல்லை, அங்கே ஆள் தேவைப்பட்டது.

ஒரு புகார்கூட வரவில்லை. கேடயம்தான் வந்தது. மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அக்காவும் குச்சி அனுப்பியிருந்தாள். என்னைத் தூக்கி வளர்த்தவள், எனக்கு அவள் என்றால் உயிர். அவளுக்கும் பச்சைதான் வந்தது. பிறகு உதிரம் போக ஆரம்பித்தபோது, "என் தம்பி லேப்லயே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க, சும்மா இருங்க" என்று அத்தானை அடக்கிவிட்டாளாம். டாக்டரிடம் போனபோது ஈரல்வரை பரவியிருந்தது. கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்னடா பண்ணுவே, உன் மெஷினையே ஏமாத்திடுச்சு பாரு இந்தச் சனியன்."

அழுதேன், மேடம். நிஜமாகவே அழுதேன். அடுத்த வாரம் அவள் போய்விட்டாள்.

கட்டளையை மாற்றியது நான்தான். ஆனால் அதனால் ஒரு உயிருக்கு ஆபத்து வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவியின் மாதிரியை மட்டும் ஏன் வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினேன் என்றா கேட்கிறீர்கள்? அவள் என் மனைவி, மேடம். அவள் விஷயத்தில் அசட்டையாக இருக்க முடியுமா?