கோரமண்டல் வரைக்கும் துணை

பெங்களூர் போகும் காலை ரயிலில், கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவர், சேலையைப் பார்த்தால், ஆஷா சுகாதாரப் பணியாளர்.

“இன்னிக்கி நான் கோரமண்டல்லயே எறங்கிடுவேன், மேரி.”

“அய்யோ அக்கா, நேத்து பங்காரப்பேட்டை வரைக்கும் வந்தீங்களே! தனியா போறப்ப படபடன்னு வந்தா?”

“வரும், போயிடும். டாக்டரம்மா சொன்ன மாதிரி மெதுவா மூச்சு வுடு. மாத்திரை போட்டியா?”

“போட்டேன். மாசக்கணக்கா வூட்லயே கெடந்தேன். இந்த வேலையும் போச்சுன்னா?”

“போனைக் கையிலயே வெச்சிக்க. நான் எடுப்பேன்.”

இரண்டாவது நிறுத்தமான கோரமண்டலில் அக்கா இறங்கிவிட்டார். மேரி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். பங்காரப்பேட்டை தாண்டியதும் போன் போட்டாள்.

“அக்கா, வண்டிலதான் கீறேன். நீங்க இன்னா, கோரமண்டல்லேர்ந்து அவ்ளோ தூரம் நடந்தா வூட்டுக்குப் போறீங்க?”