முப்பத்திரண்டு கீது

சவரி: போன்ல யாரு, பிலோமி?

பிலோமி: ராங் நம்பரு.

சவரி: ராங் நம்பர் கூட கால் மணி நேரமா? அதுவும் எழுந்து நின்னுகினு?

பிலோமி: ...பத்திரிகைலேர்ந்துய்யா. என் கதைய எடுத்துக்கினாங்களாம்.

சவரி: மாதாவே! முப்பத்தஞ்சு வருசம் எழுதாம கெடந்து, அம்பத்தெட்டு வயசுல...

பிலோமி: இரு, குதிக்காத. ஒரு பேஜாரு கீது. கதைல மீன்காரி 'கீது கீது'ன்றாளாம். எல்லாத்தியும் 'இருக்கிறது'ன்னு மாத்தணுமாம்.

சவரி: திரும்பவுமா?

பிலோமி: ஆமா. என் மொத கதைலயும் இப்டித்தானே மாத்தினானுங்க? காசிமேட்டு மீன்காரி, "வஞ்சிரம் இருக்கிறது, வாங்குகிறீர்களா"ன்னு நியூஸ் வாசிச்சா.

சவரி: ஹ...

பிலோமி: சிரிக்காதய்யா! ராயபுரமே என்ன 'இருக்கிறது பிலோமி'ன்னு கூப்ட்டுச்சு. கோயில்ல, பூசை நேரத்துல கூட. அன்னிக்கு மூடினேன் பேனாவ.

சவரி: தெரியும்... இப்போ இன்னா சொன்ன? சரின்ட்டியா?

பிலோமி: ஒரு கீது மேல கை வச்சாலும் கதைய திருப்பி அனுப்பிடுங்கன்னேன்.

சவரி: அய்யய்யோ!

பிலோமி: அப்பால அந்த எடிட்டரம்மா, "சரிம்மா, அப்டியே போடறோம். அடுத்த மாசம் உங்க கதைதான் மொதல்ல"ன்னாங்க.

சவரி: ஜெயிச்சிட்டமே! பிலோமி, ஜெயிச்சிட்ட!

பிலோமி: எனக்கு அந்த தைரியம் எப்டி வந்துச்சு தெரியுமா? "நீங்களே 'இருக்கிறது'ன்னு எழுதிட்டு, முப்பத்திரண்டு எடத்துல பச்சை மையால அடிச்சி 'கீது'ன்னு திருத்திகீறீங்களே"ன்னு அந்தம்மா மொதல்லியே கேட்டாங்க.

சவரி: பச்சை மையா? இரு, டீ போட்டுகினு வரேன்.

பிலோமி: பயந்துகினு 'இருக்கிறது'ன்னு எழுதினது நான்தான். பச்சை பேனா என்கிட்ட ஏது? ஹார்பர்ல மூட்டைக்கு டிக் அடிச்சிகினு இருந்த என் வூட்டுக்காரன் கிட்டதான் கீது. கவர தபால்ல போட்டதும் அவன்தான்.

சவரி: அந்த மீன்காரி திரும்பவும் நியூஸ் வாசிச்சா எனக்கு தாங்காதுமே. ஏன்னா... இத நான் இத்தினி வருசமா சொல்லல... அந்த 'இருக்கிறது பிலோமி'ன்ற பேர வச்சதே நான்தான். நீ என்ன திரும்பிப் பாக்கணும்னு சும்மா கலாய்ச்சேன். நீ எழுதறதையே வுட்ருவன்னு சத்தியமா நெனைக்கல.

பிலோமி: நம்ம கல்யாணத்தன்னிக்கே உன் தோஸ்து ஃப்ரெடி சொல்லிட்டான்யா. அடுத்த கதையே அதான், பாதி எழுதிட்டேன். பேர கேளு: 'பேரு வச்சவன் என் வூட்லதான் கீறான்'.