ஜெயித்த கேஸும் விதைத்த சாமையும்

கரியாலூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு அப்பா, லீவுக்கு வரும் லா காலேஜ் மகள். மலையேறும்போது அவர் சொன்னார்: "ஃபாரஸ்ட்டு கேஸுல ஜெயிச்சிட்டேன்னு போன்ல சொன்னியே, அவங்க மறிச்ச நம்ம நெலத்துல சாமை வெதச்சிட்டேம்மா."

"ஐயோ அப்பா! அது காலேஜ்ல பழகறதுக்கு நடத்தற கோர்ட்டு. எங்க சாருதான் ஜட்ஜு."

"இன்னாம்மா சொல்ற? உங்க காலேஜு தன்னாட்சி, யாருக்கும் கீழ இல்லன்னியே. அது குடுத்த தீர்ப்பு செல்லாதா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லப்பா."

"ஃபாரஸ்ட்டு பக்கம் யாரு வாதாடுனது?"

"என் ஹாஸ்டல் ரூம் பொண்ணு."



"அப்ப அந்தப் பொண்ண கூட்டினு வா. தோத்துட்டேன்னு ரேஞ்சர்கிட்ட அவளே சொல்லட்டும்."