முப்பத்தோராம் நாள் மலரில் வந்த பாட்டு

ஒட்டுக்கேட்கும் எண்ணம் எனக்கில்லை. கொக்கட்டிச்சோலை பஸ்தான் நகரவில்லை. முன் இருக்கையில் இருவர். கண்ணாடி போட்டவரின் கையில் யாரோ ஒரு பெண்ணின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர்.

“என்ட பொஞ்சாதி செத்தநேரம் நான் எழுதின பாட்டு இது. பிரஸ்காரன் பேரை மட்டும் மாத்தி எல்லாச் செத்தவீட்டுக்கும் அடிச்சிக் குடுக்கிறான்.”

“உங்களிட்டப் புதுசா எழுதச்சொல்லிக் கேக்கிறயில்லையா அண்ணன்?”

“பழசு சும்மா கிடைக்கக்குள்ள ஆரு கேப்பான்? இந்த மனிசிக்குப் பிள்ளையே இல்ல. பாட்டுல ரெண்டு மகள்மார் அழுகிறாங்க. அது என்ட மகள்மார்.”

“புருசன்காரரிட்டச் சொல்லயில்லையா?”

“சொல்லத்தான் போனன். அவர் அந்த மகள்மார் அழுகிற வரியத்தான் திரும்பத் திரும்ப வாசிச்சிக்கொண்டு இருந்தார். சாப்பிட்டுட்டு வந்திட்டன்.”