நூல் சோதிக்கிற ரூமில் ஒரு கருந்துளை

— சர்டிபிகேட்டெல்லாம் அப்புறம், ஹம்சவேணி. நான் கொண்டாரச் சொன்ன ஆராய்ச்சிக் கிராஃப எடு.

— கிராஃபு எதுக்கு பால்பாண்டியண்ணே? மில்லுல நூல் சோதிக்க ஆள் வேணும்னு நீங்கதான சொல்லிவிட்டீங்க? திங்கக்கிழமையே சேந்துக்கிறேன்.

— சேரலாம், சேரலாம். சிம்மக்கல்லுல பஸ் ஏறி கப்பலூர் வரைக்கும் வந்துட்ட, காட்டிட்டுப் போயேன். நாலு வருச ஆராய்ச்சிய எதுக்குத் தூக்கிப் போடுற?

— ஒரு கருந்துளை, பக்கத்து நட்சத்திரத்துல இருந்து வாயுவ இழுக்குது. அது சூடேறி எக்ஸ்ரே விடுது. அந்த எக்ஸ்ரே செகண்டுக்கு ஆறு தடவ கூடிக் கொறையுதுன்னு கண்டுபுடிச்சேன். கைடு, அது சாட்டிலைட்டு மெஷின் கோளாறுங்கிறாரு.

— நீ என்ன சொன்ன?

— அழுதேன்.

— வெளங்கிரும்.

— பேசாதீங்க. அதே டிபார்ட்மெண்டுல இருந்து பாதியில ஓடி வந்தவருதான நீங்க?

— நான் சோம்பேறி, ஓடி வந்தேன். ஒனக்கென்ன கேடு? இதப் பாரு. நூலு எங்க தடிக்குது, எங்க மெலியுதுன்னு இந்த மெஷின் போட்டுத் தர்ற கிராஃபு. இந்த எடத்துல கோடு ஒசந்து நிக்குதே, இந்த முட்டு ஏன் வந்துச்சு?

— இந்த மெஷினோட ரோலர் பழுதா?

— ரோலர் பழுதுன்னா, அதுல ஓடுற அம்புட்டு நூல்லயும் இதே எடத்துல முட்டு நிக்கணும். ஒண்ணுல மட்டும் நின்னா?

— அந்த நூலோட கொணம்... அண்ணே!

— என்ன அண்ணே?

— எக்ஸ்ரேய ரெண்டாப் பிரிச்ச தாளு பைல்ல கெடக்கு. ஆற்றல் கம்மியா உள்ளது ஒண்ணு, கூட உள்ளது ஒண்ணு. நான் ரெண்டையும் கூட்டியே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்!

— எடு. ஜன்னல்ல ஒண்ணு மேல ஒண்ணா வையி. நேரா வையி, ஓரம் வெலகுது பாரு.

— கம்மில ஒண்ணுமே இல்லண்ணே, தரை மாதிரி கெடக்கு. கூட உள்ளதுல... ஆத்தாடி, மில்லுச் சிம்னியாட்டம் நிக்குது!

— ரெண்டும் ஒரே மெஷின்ல எடுத்ததா?

— ஒரே மெஷின், ஒரே நேரம்.

— அப்ப கோளாறு ஒண்ணுல மட்டும் எப்புடி வரும்?

— வராது! அது கருந்துளைக்கிட்ட இருந்துதான் வருது! சத்தியமா அங்கன இருந்துதான் வருதுண்ணே!

— குதிக்காத தாயி, மெஷின் ஆடுது. ரீடிங்கு கெட்டுப்போகும்.

— கெடட்டும், நான் குதிப்பேன்! மூணு மணி பஸ்ஸப் புடிச்சா கைடு கெளம்புறதுக்குள்ள போயிரலாம். அண்ணே... கோவிச்சுக்காதீங்க. மேனேஜர்ட்ட பேசி எனக்கு வாங்குன வேலை. திங்கக்கிழமை நான் வரல.

— மேனேஜர்ட்ட எவன் பேசுனான்? இங்க எடமே காலி இல்ல. வேலைன்னு கூப்புட்டாத்தான கிராஃபத் தூக்கிக்கிட்டு வருவ?