இரண்டாவது ஹாஃப்பேக்

பிள்ளைக்காகக் கோயிலில் எதைக் கேட்பது? வெஸ்ட்மீட் ரயிலில் என் எதிரே இருவர் இருந்தார்கள். ரக்பி லீக் வீரர் ஒருவரின் அப்பா நண்பரிடம் சொன்னார்:

"ஆட்டத்தை நடத்துற நல்ல ஹாஃப்பேக் ஒருத்தன் வரவேணும் எண்டு மகன்ர கிளப்பின்ர பேரில அர்ச்சனை செய்தனான்."

"உம்மட மகனே ஹாஃப்பேக்தானே ஐசே?"

"ஓம். அவனுக்குத் துணையாய் இருக்கும் எண்டு நினைச்சன். ஒருத்தனை வாங்கிட்டாங்கள். ஆனா மொத்தச் சம்பளத்துக்கு லீக்கில உச்சவரம்பு இருக்கு. புது ஆளுக்குக் குடுக்கிறதுக்காக இவனை நிப்பாட்டிப்போட்டாங்கள்."

"அர்ச்சனை செய்தது அவனுக்குத் தெரியுமோ?"

"அண்டைக்கு அவன்ர நெத்தியில விபூதியை நான்தான் பூசிவிட்டனான்."

அடுத்த ஸ்டேஷனில் இருவரும் இறங்கினார்கள்.

நாளை என் மகளுக்காக அர்ச்சனை செய்யப் போகிறேன். பெயரையும் நட்சத்திரத்தையும் மட்டும் சொல்லிவிட்டு, ஒன்றும் கேட்காமல் வந்துவிடலாமா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.