யாரைச் சொல்வீர்கள்?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில், ஓய்வுபெற்ற அரசு பஸ் டிரைவர் ஒருவரும் ஆளுங்கட்சிக்கரை வேட்டிக்காரர் ஒருவரும் என் முன்சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"பழைய பென்ஷனுக்குப் பணம் எங்கண்ணே இருக்கு? கஜானாவ முந்துன ஆட்சி தொடச்சிட்டுப் போயிட்டாக."

"அவுக இருக்கையில உங்களச் சொன்னாக. நான் ஓட்டுன பஸ்ஸு பள்ளத்துல எறங்கியிருந்தா, முந்துன டிரைவரு மேல பழியப் போட விட்டிருப்பீகளா?"

"கோவப்படாதீக. இப்ப என்ன செய்றீக?"

"மில்லு வேன் ஓட்டுறேன். வேன் நிறையப் பொம்பளப் பிள்ளைக. எனக்கு ஒரு கண்ணு மங்கிருச்சு. ஓட்டலைன்னா வீட்ல அடுப்பெரியாது. அதுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரச் சொல்லுவீக?"

எதிர்சீட்டுப் பெண் டிரைவர் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அண்ணே, அது எந்த மில்லு வேனு? எம்மகளும் வேன்லதான் போறா."